ஹோலுக்குள் நிற்கும் செவ்வரத்தை

கரவெட்டி

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

பெறாமகள் நிவேதனா எழுதுவது. இங்கே நானும் செடியும் சுகம். அங்கே பனிக்குள் நீங்களும் சித்தப்பாவும் சுகமாயிருக்கச் சன்னதி முருகன் துணையிருக்கட்டும். போனில் என்றால் நான் வாய் திறக்குமுன் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கனடாவில் உங்கள் செவ்வரத்தை வீட்டுக்குள் நிற்பதுபோல, நீங்கள் இங்கே கட்டிய இந்தப் புது வீட்டிலும் சோபா போட்ட ஹோலுக்குள்தான் நிற்க வேண்டும் என்றீர்கள். நீங்கள் வரும்போது அதில் பூ இருந்தால், செடி வளர்த்து விற்க முன்னறையைத் தருவதாகவும் சொன்னீர்கள். பத்தாம் வகுப்போடு நின்ற என்னை அம்மா தையல் வகுப்புக்கு அனுப்பாமல் இருக்க அந்த அறை ஒன்றே வழி. ஆகவே பூக்கும். பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி மாமிதான் சிரிக்கிறார். "ஊரெல்லாம் வேலியில நிக்கிற செவ்வரத்தையை ஆரடி பிள்ளை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிறது? நாளைக்குப் பனையையும் கொண்டந்து சோபாவில இருத்துவியோ?" என்றார். எனக்கு நல்ல பதில் ஒன்று வந்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

முதலில் வெயில் போதாமல் இலை மஞ்சளாகியது, அதனால் வெயில் விழும் யன்னலுக்கெல்லாம் சாடியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், காலையில் சாமியறை, மத்தியானம் குசினி, பின்னேரம் உங்கள் படுக்கையறை, இப்படி அலைந்ததில் மொட்டெல்லாம் கொட்டிவிட்டது, அந்த இரக்கத்தில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்ற அது வழிந்து உங்கள் கம்பளத்தில் ஊற, கம்பளத்தை முற்றத்தில் காயப்போட அதில் ஆடு படுத்துவிட்டது, ஆட்டைக் கலைத்துவிட்டு வந்து பார்த்தால் கொப்பெல்லாம் மாத் தூவினதுபோல் வெள்ளைப் பூச்சி. சவர்க்காரத் தண்ணீரால் இலை இலையாகத் துடைத்தேன். இப்போது கிழக்கு யன்னலோரம் அசையாமல் நிற்கிறது. மண் காய்ந்தால்தான் தண்ணீர். நிறைய மொட்டுப் பிடித்திருக்கிறது. ஒன்று நாளைக்கே விரியும், மற்றவை உங்கள் வரவுக்கு. இனி இந்தச் செடியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோ குறையட்டும்.

இப்படிக்கு,
வெட்கம் இருந்தாலும் பொறுப்புள்ள
நிவேதனா

பி.கு.: பூ விரிந்தது. அடுக்குப் பூ, அகப்பையளவு. மாமி யன்னலால் கண்டு பூக்கூடையோடு உள்ளே வந்து, "சாமிக்கெண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லுவியோ பிள்ளை?" என்றார். நானே கொப்பை வளைத்துப் பிடித்தேன். பூவை ஆய்ந்துகொண்டு போனவர் ஒழுங்கையில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறார். "எங்களுக்கும் ஒரு தடி வெட்டித் தாவன்" என்று வந்த எல்லோருக்கும் ஓம் என்றேன். இப்போது செடியில் கொப்பு இல்லை, கட்டைதான் நிற்கிறது. அவர்களுக்குத் தடி வேர் விட்ட பிறகுதான் வேண்டுமாம். அதனால் தடிகளை வெறும் பால்மாப் பேணிகளில் நட்டு முன்னறையில் அடுக்கிவிட்டேன். அங்கே கால் வைக்க இடமில்லை. நீங்கள் கொண்டுவரும் பெட்டிகளை ஹோலில் வைக்கலாம். அங்கே இப்போது நல்ல இடமிருக்கிறது.