நெருப்பருக்குத் தவறணைச் சாட்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் கண்ட, பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் என்னிடம்தான் வேலை செய்தார். வெல்டிங் வேலை, பட்டப்பெயர் நெருப்பர். கொக்குவிலில் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய மனிசியே ஆரென்று கேட்பா.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்குப் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குள் இரும்பு வேலை எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் உள்ளே கால் வைக்கப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். நெருப்பர் உள்ளே போகாவிட்டால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும். அவர் போட்ட ஒட்டு, கடலே வந்து இழுத்தாலும் விடாது.

படிவத்தில் ஒரு கேள்வி: மதுப்பழக்கம் உண்டா? நான் எனக்கு ‘இல்லை’ என்று அழுத்தி எழுதினேன். நெருப்பர் ‘உண்டு, முப்பது வருடம்’ என்று தொடங்கி, இடம் போதாமல் தாளைத் திருப்பினார்.

“நெருப்பர், உதைக் கண்டால் பாஸ் தருவாங்களே?”

“குடிச்சது நான்தானே முதலாளி. வேறை ஆற்றை பேரைப் போடுறது?”

உங்களை நன்றாக அறிந்த, உறவினரல்லாத ஒருவர் யார் என்பது அடுத்த கேள்வி. மற்றவர்கள் பள்ளிக்கூட அதிபரை, கோயில் தலைவரைப் போட்டார்கள். இவர் போட்டது தவறணையில் கள்ளு வார்க்கிறவரை!

“அவரை விட என்னை ஆருக்குத் தெரியும்?”

ஒப்பந்தம் கடலோடு போயிற்று என்று தலையில் கை வைத்தேன்.

அதிகாரி ஒருவர் தவறணைக்கே விசாரிக்கப் போனார். கள்ளு வார்க்கிறவர் அழாக்குறையாக முறையிட்டாராம்.

“உந்த மனிசன் எட்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டேல்லை ஐயா. கண்டால் ஒருக்கா வரச் சொல்லுங்கோ. இப்ப நாள் தவறாமல் வாறது அவற்றை முதலாளிதான்.”

நெருப்பருக்கு அனுமதி வந்தது. எனக்கு ‘மேலதிக விசாரணை’ என்று கடிதம் வந்தது.

“குடியை விட்டதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“கை நடுங்கி ஒட்டு கோணினது, விட்டிட்டன். தாளின்ரை பின்பக்கம் எழுதினனான். நீங்கள் கேக்கேல்லையே.”

பதினாறு பேருக்கு முதலாளியான நான் துறைமுக வாசலில் நின்றே வேலை நடத்தினேன். பத்து மணிக்கு நெருப்பர் உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வருவார். ஒருநாள் கோப்பையை நீட்டிக்கொண்டு சொன்னார்:

“நீங்களும் விடுங்கோவன் முதலாளி. நீங்கள் ஏசாமல் உள்ளை வேலை ஓடுதில்லை.”

அன்று பின்னேரம் தவறணை இல்லாத றோட்டால் வீட்டுக்குப் போனேன். மூன்று மைல் சுற்று. துறைமுக வேலை முடிந்து கனகாலம், இன்றைக்கும் அந்த வழிதான்.