உறிஞ்சி, கொப்பளித்து, தீர்ப்புச் சொல்பவர்

தாகத்துக்குக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்குக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தார்களே என்று மரியாதைக்குக் குடித்துவிட்டு மூலையில் கிளாசை மெதுவாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இந்த மூன்று வகையிலும் அடங்காத ஒரு பிறவி உண்டு. அவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். அவர் குடிக்க மாட்டார், சுவைப்பார். கிளாசைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, உள்ளே மீன்குஞ்சு ஏதும் நீந்துகிறதோ என்பதுபோல் உற்றுப் பார்த்து, இடமும் வலமும் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு சொட்டை உறிஞ்சி, அதைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக் கொப்பளித்து, கண்களை இறுக மூடி, கொடுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு வார்த்தை சொல்வார்: "ம்ம்." அவ்வளவுதான். அந்த "ம்ம்" நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் கொடுத்தவருக்கு அன்று இரவு தூக்கம் வராது.

வெளிநாடுகளில் இந்தப் பிறவிக்குத் தீனி பியர். சின்னச் சின்ன இடங்களில் கைப்பக்குவமாக வடிக்கும் பியர்களைத் தேடிப்போய், கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, "முதலில் ஈரமண், நடுவில் பச்சை அப்பிள், முடிவில் பழைய தோல் சப்பாத்து" என்று சொல்லி நட்சத்திரம் போடுவார்கள். சப்பாத்து வாசம் வரும் சாமானைக் காசு கொடுத்து வாங்கிக் குடிப்பானேன்? கேட்கக்கூடாது. கேட்டால் உங்களுக்கு நாக்கு இல்லை என்பார்கள். நம்முடைய கல்முனைக் கரையில் அந்தச் சாமான் ஹறாம், மார்க்கம் தடுத்தது, ஆகவே இந்தப் பிறவியும் இங்கே இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சாய்ந்தமருதில் றிம்சானைப் பார்க்கும்வரை.

றிம்சான், ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் குடிவந்த மாப்பிள்ளை. மனைவி றினோஸா, அவளின் உம்மா ஹுஸ்னியா மாமி. கலியாணத்துக்கு முன்பு மூன்று வருடம் தோஹாவில் ஒரு ஹோட்டலின் சாமான் அறையில் பெட்டி தூக்கினார். "அந்தப் போத்தல்கள்ள ஒரு சொட்டும் என்ட நாக்குல பட்டதில்ல" என்பார். அது உண்மை, அதற்காக அவரை நாம் மதிக்க வேண்டும். ஆனால் பெட்டி தூக்கியவருக்குப் பெட்டிக்குள் இருந்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் தகுதி எங்கிருந்து வந்தது? மண்டபத்துக் கதவிடுக்கால் வெள்ளைக்காரர்கள் சுவை பார்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்தபிறகு போனில் பியர் விமர்சன வீடியோக்களை ஓயாமல் பார்த்தார். அந்தச் சொற்களையெல்லாம் அப்படியே தூக்கி வந்து நம்முடைய பிளேன் ரீக்கும் நன்னாரி சர்பத்துக்கும் பலூடாவுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் மாட்டிவிட்டார். "நாக்கு மன்றம்" என்று பக்கம் தொடங்கினார். ஊர் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்?

பஸாருக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கும் அஷ்ரபின் தர்ப்பூசணி ஜூஸைக் கொப்பளித்துவிட்டு, "நுரையில் நேர்மை இல்லை" என்றார் ஒருநாள். அஷ்ரப் பாவம், மிஷினை மாற்றினான், ஐஸைக் குறைத்தான், சீனியைக் கூட்டினான். கடைசியில் வந்துபோவோரிடமெல்லாம், "நுரைக்கு நேர்மைய எந்தக் கடையில வாங்குற?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன்பிறகு றிம்சான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பெரிய கிளாஸ்தான் வரும், பில் வராது.

இனி ஒரு இரகசியம். வீட்டில் றினோஸாவுக்கு மட்டும் தெரிந்தது. கொரோனாக் காலத்துக் காய்ச்சலோடு றிம்சானின் மூக்கு செத்துப்போயிற்று. இனிப்பு, புளிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரியும். வாசம் என்ற ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. குசினியில் பால் பொங்கி அடுப்பில் கருகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பியர் விமர்சனம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால் கிளாசை மனைவியிடம் நீட்டி, "புள்ள, இதில என்ன வருது?" என்று கேட்பார். "கராம்பு" என்பாள் அவள். கெமராவுக்கு முன்னால் அது, "கிழக்கின் கராம்பு தொண்டையின் வாசலில் நின்று மெல்ல முணுமுணுக்கிறது" என்று வெளிவரும். றினோஸா சட்டி கழுவிக்கொண்டே இதைக் கேட்டுச் சிரிப்பாள். டொக்டரிடம் போகச் சொன்னாள், போகவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். புருஷனின் மானம் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வீட்டின் அடுப்பை எரிய வைப்பது நாக்கு மன்றம் அல்ல, ஹுஸ்னியா மாமியின் இஞ்சி பியர். பெயரில்தான் பியர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இஞ்சியை இடித்துச் சீனியோடு காய்ச்சி, வடித்து, தேசிக்காய் பிழிந்து, சோடா கலந்து போத்தலில் அடைப்பார். கலியாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து புரியாணியை முடித்தபிறகு, நெஞ்சில் நிற்கும் நெய்யை இறக்க மாமியின் போத்தல்தான் வரவேண்டும். இந்த முறை மஜீட் முதலாளி மகள் கலியாணத்துக்குச் சஹனுக்கு ஒரு போத்தல் என்று சொல்லியிருந்தார். இஞ்சி மூட்டை வந்து இறங்கியாயிற்று. மாமி சந்தோசத்தில், "மருமகன், ஊர்ல எல்லாத்துக்கும் கதைக்கிறீங்க, நம்மட சாமானுக்கும் ரெண்டு வார்த்தை கதைங்களன்" என்றார்.

வந்தது வினை. அன்று றினோஸா மருதமுனைக்கு ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். மோந்து சொல்ல, இரகசியம் தெரிந்த மூக்கு வீட்டில் இல்லை. பொறுத்திருக்கலாம். இந்தப் பிறவி பொறுக்குமா? ஏதோ ஒரு நாட்டில் மடத்துச் சாமியார்கள் வடித்த பியருக்கு ஒரு தாடிக்காரன் சொன்ன விமர்சனத்தை வரிக்கு வரி எடுத்து மாமியின் இஞ்சிக்குச் சொன்னார். "மூன்று மாதம் மரப்பீப்பாயில் ஊறிய ஆழம். பொறுமையாக நொதித்த மணம். முதல் மிடறில் நெஞ்சு திறக்கிறது. இரண்டாவதில் காது சூடாகிறது. மூன்றாவதில் தலை லேசாக மிதக்கிறது. மாமி, உங்களுக்கு என் வணக்கம்." சொல்லிவிட்டு, மாமிக்குப் பேருதவி செய்த நினைப்பில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அஸர் தொழுகைக்கு முன்னால் வீடியோ ஒலுவில் துறைமுகம்வரை போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாமியின் இஞ்சி பியரைப் பத்து வருடமாகக் குடித்து, ஏப்பம் விட்டு, இன்னொரு போத்தல் கேட்டவர்களுக்கெல்லாம் திடீரென்று ஞாபகசக்தி வந்துவிட்டது. ஒருவர், தங்கச்சி கலியாணத்தன்று தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது என்றார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த கதையை எடுத்தார். அவர் விழுந்தது மழைநாளில், அதுவும் கலியாணத்துக்குப் போகிற வழியில். யார் கேட்டார்கள்? கடைகளிலிருந்து போத்தல்கள் திரும்பி வந்தன. மஜீட் முதலாளி, இனி அனுப்ப வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார். மாமி திரும்பி வந்த போத்தல்களுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹறாமைக் காய்ச்சி விற்றவள் என்ற பேரோடு இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்பதுதான் அவருடைய கவலை. தொழில் போன கவலை அதற்குப் பிறகுதான்.

மருதமுனையிலிருந்து திரும்பிய றினோஸா புருஷனை அறைக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க, பிழையாச் சொல்லிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. உம்மா சாகாமச் சாகிறா."

"பிழை எண்டு சொன்னா பிறகு என்ட பேச்ச ஆர் புள்ள கேப்பான்?"

"அப்ப மூக்கு வேலை செய்யிறல்ல எண்டு சொல்லுங்க. அது காய்ச்சலால வந்த வருத்தம்தானே. அதுல என்ன வெக்கம்?"

"மூக்கில்லாதவனா மன்றம் நடத்தின எண்டு ஊரே சிரிக்கும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "மாமிய வட்டிலப்பம் செய்யச் சொல்லு. அதுக்கு நான் நல்லா ரெண்டு வார்த்தை சொல்லித் தாறன்."

இத்தனை வருடமும் இந்த ஆளுக்கு வாசம் சொல்லிக் கொடுத்ததை நினைக்க றினோஸாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மீராமுகைதீன் ஹாஜியாரும் அவரோடு மஜீட் முதலாளியும் வந்தார்கள். மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"ஹாஜியார், நீங்களும் எத்தின கலியாணத்துல இதக் குடிச்சிரிப்பீங்க. ஒருநாளாவது தலை சுத்தினதா?"

ஹாஜியார் நேர்மையான மனுஷர். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பிரசர் இரிக்கி தங்கச்சி. எப்பவும் சுத்துறதுதான். எதால சுத்தின எண்டு நான் எப்படிச் சொல்ற?" பிறகு றிம்சானைப் பார்த்தார். "நாங்க ஒண்டும் விசாரணைக்கு வரல்ல மகன். வீட்டு ஆள் நீங்கதான் சொல்லிரிக்கீங்க. உங்கட வாயால இல்ல எண்டு சொல்லுங்க, நாங்க எழும்பிப் போறம்."

ஒரு சொல். "இல்லை" என்ற ஒரே சொல். றினோஸா திரைக்குப் பின்னால் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். றிம்சான் மேசையிலிருந்த இஞ்சி பியர் கிளாசைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"இதெல்லாம் நுணுக்கமான விசயம் ஹாஜியார். ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு மாதிரி. அண்டைக்கு நான் குடிச்சது ஒரு மாதிரி. இது வேற மாதிரி இரிக்கலாம்."

"அப்ப சில போத்தல்ல இரிக்கி எண்டுதானே கருத்து" என்று மஜீட் முதலாளி கதிரையைப் பின்னால் தள்ளினார்.

றினோஸா உம்மாவின் கையை விட்டாள். குசினிக்குப் போனாள். பானைக்குள் இருந்த சுறாக் கருவாட்டில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து, எரிகிற கொள்ளியின்மேல் நேரே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கருவாடு கருகும் வாசத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அது முதலில் திரையைத் தாண்டிற்று. மஜீட் முதலாளி சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். ஹாஜியார் இரண்டுமுறை தும்மினார். அயல்வீட்டுப் பூனை வாசலில் வந்து நின்றது. றிம்சான் மட்டும் வழக்கம்போல் கண்களை இறுக மூடி, மூக்கைக் கிளாசுக்குள் விட்டு, புகையில் கண்ணோரம் நீர் வடிய, கன்னத்துக்குக் கன்னம் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "மகன், உங்களுக்கு ஏதும் வாசம் வருதா?"

"ஓம் ஹாஜியார், இப்பதான் விரியுது. முன்னால மல்லிகை. பின்னால மெல்லிசா ஏலம். நல்ல குளிர்ச்சியான வாசம்."

மஜீட் முதலாளி லேஞ்சிக்குள் இருமினார். றினோஸா கருகிய கருவாட்டைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு திரையை விலக்கி வந்தாள்.

"கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு இவருக்கு மூக்கு வேலை செய்யிறல்ல ஹாஜியார். வாசம் சொல்லிக் குடுக்கிற நான். அண்டைக்கு நான் வீட்டுல இல்ல. அதால எவனோ பியருக்குச் சொன்னத்த இவர் உம்மாட இஞ்சிக்குச் சொல்லிட்டாரு. பீப்பாயும் இல்ல, ஒண்டும் இல்ல. குசினியில வந்து பாருங்க."

றிம்சான் கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். ஹாஜியார் அவர் கையிலிருந்த கிளாசை மெதுவாக வாங்கி, பிஸ்மி சொல்லி, கொப்பளிக்காமல் சுழற்றாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "இஞ்சி" என்றார். "கொஞ்சம் சீனி கூட. எனக்குக் கூடாது." பிறகு எழும்பினார். மஜீட் முதலாளி திரைப்பக்கம் திரும்பி, கலியாணத்துக்கு முதலில் சொன்னபடியே அனுப்பச் சொன்னார். திரைக்குப் பின்னால் மாமி அழுதது எல்லோருக்கும் கேட்டது.

செருப்பை மாற்றிப் போட்டவருக்கும் வாய்க்காலில் விழுந்தவருக்கும் அடுத்த கிழமையே ஞாபகம் மறுபடி மாறிவிட்டது. அப்போதே தாங்கள் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டு, மஜீட் முதலாளி வீட்டுச் சஹனில் உட்கார்ந்து இரண்டாவது போத்தலுக்குக் கை நீட்டினார்கள். றிம்சான்? வெட்கப்பட்டுத் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொஞ்ச நாள் போனைத் தொடாமல் இருந்தார். அதன்பிறகு "கண் மன்றம்" தொடங்கினார். இனி மூக்கும் வேண்டாம், நாக்கும் வேண்டாம், பானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். அஷ்ரபின் ஜூஸைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சிவப்பில் ஒரு தயக்கம் இருக்கிறது" என்றார். அஷ்ரப் மறுபடி பழத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் அந்த வகை இல்லை. ஆனாலும் போகுமுன் ஒன்று கேட்கிறேன். ஹுஸ்னியா மாமியின் இஞ்சி பியர் அருமையானது, அதைப் போய்ப் பழி சொன்னார்களே என்று இவ்வளவு நேரமும் தலையாட்டிக்கொண்டு வாசித்தீர்களே, நீங்கள் அதில் ஒரு மிடறு எப்போது குடித்துப் பார்த்தீர்கள்?