ஒரு கம்பம் அதிகம்

அமெரிக்காவில் எத்தனை வீட்டுத் தோட்டங்கள் வெள்ளை வினைல் வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றனவோ, அத்தனைக்கும் பொறுப்பாளர் பெங்களூரு அடுகோடியில் இருந்த ஒரே ஒரு மனிதர். இதில் மிகை எதுவும் இல்லை. அவர் சொன்னதைச் சற்றுக் குறைத்தே எழுதுகிறேன். அந்த வேலிகளில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு செய்தி.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில காலமே ஆகியிருந்தது. ஒரு வெல்டிங் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். வினைல் என்பது மரம்போல் நடிக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக். அதில் வேலி அமைக்கும் கடல் கடந்த நிறுவனம் ஒன்று, வீட்டுக்காரர்கள் கையால் வரைந்து தரும் தோட்டப் படங்களை ஃபேக்ஸில் எங்களுக்கு அனுப்பும். எத்தனை கம்பம், எத்தனை பேனல், எத்தனை மூட்டைக் கான்கிரீட் கலவை, மொத்தம் என்ன செலவு என்று மதிப்பிட்டு, அவர்கள் உறங்கி எழுவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் எட்டடி நீளத் தடுப்புக்குத்தான் பேனல் என்று பெயர்.

இந்தக் கணக்குக்கெல்லாம் தலைமை மதிப்பீட்டாளர் ‘பிளஸ் ஒன்’. அவருடைய இயற்பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே அறியும். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இந்த வேலைக்கு முன் ஓசூர் சாலையோரத்துக் காலி மனைகளுக்குக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துக் கொடுத்தவர். நான் வேலைக்குச் சேர வந்த அன்றே என்னைச் சோதித்தார்.

“நேர் வேலிம்மா. எம்பது அடி. எட்டடி பேனலு. எத்தினி போஸ்ட்டு?”

“பத்து சார்.”

“இன்னாம்மா, கடைசிப் பேனல யாரு புடிச்சிக்கினு நிப்பா? நீயா?”

பத்துப் பேனலுக்குப் பதினொரு கம்பம். பேனலின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு. அதுதான் கம்பத்தின் எண்ணிக்கை. இந்த உண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் தாமே என்று அவர் கருதினார். மறுப்பதற்கான சான்று எங்களில் எவரிடமும் இல்லை.

ஒருமுறை நிறுவனத்தார் ஓரடி நீள மாதிரிக் கம்பம் ஒன்றை அனுப்பினார்கள். பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துக்கொள்ளத்தான் அனுப்பினார்கள். அவர் அதை விரல் முட்டியால் தட்டினார், முகர்ந்தார், ஒரு கோடைக்காலம் முழுவதும் சன்னல் விளிம்பில் வெயிலில் நிறுத்தினார். ‘கறை படியாது’ என்று விளம்பரத்தில் இருந்ததால், நாள்தோறும் தம் மதிய உணவில் ஒரு பகுதியை அதற்கும் பரிமாறினார். இறுதியில் ஓர் அறிக்கை கடல் கடந்து சென்றது. ‘ரசம்: கறை இல்லை. சாம்பார்: துடைத்தால் போகிறது. மாங்காய் ஊறுகாய்: இளமஞ்சள், ஆராயத்தக்கது.’ அதற்குப் பதில் வரவில்லை. ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர் நம்பினார்.

செலவுப் பட்டியலில் எல்லாவற்றையும் அசையாமல் எழுதும் அவர், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்துவார். கம்பத்துக்குக் குழி தோண்டும் கூலி.

“ஒரு குழிக்கு இவ்ளோவா?” என்பார். “நானு இருபது வருசம் கடப்பாரையும் கையுமா நின்னேன். இப்ப போயி பேனா குடுத்து உக்கார வெச்சிட்டானுங்க.”

அவருடைய சூத்திரம் வேலியோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திராது. கூட்டத்துக்கு எட்டுப் பேர் என்றால் ஒன்பது நாற்காலி போடுவார். அலுவலகத்தில் நாங்கள் ஒன்பது பேர். அவர் பத்துத் தேநீர் சொல்வார். பத்தாவது யாருக்கு என்று கேட்டால், “வரவங்களுக்கு” என்பார். கூரியர்க்காரரோ, கீழ்ப் பட்டறை வெல்டரோ, முகவரி தவறிப் படியேறியவரோ, யாரேனும் ஒருவர் அதைக் குடித்துவிட்டுப் போவார்கள். மாலையில் எங்களை ஏற்றிச் செல்லும் வேன் மட்டும் இதனால் சிரமப்பட்டது. ஒன்பது பேரும் அமர்ந்த பிறகு, “பத்து பேருப்பா, இரு” என்று ஓட்டுநரை நிறுத்திவிடுவார்.

“ஹத்தனேது யாரு சார்?” என்று ஓட்டுநர் பத்தாமவரைக் கேட்டுக் கன்னடத்தில் கெஞ்சுவார்.

“பர்த்தாரெ, பர்த்தாரெ” என்று இவரும் கன்னடத்திலேயே ‘வருவார், வருவார்’ என ஆறுதல் சொல்வார். அந்தப் பத்தாமவர் வந்ததே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் வேன் நகரும்.

இத்தகைய மனிதருக்கு எதிராகத்தான் ஒரு நாள் மென்பொருள் அடங்கிய குறுந்தகடு ஒன்று வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓர் இளம் பொறியாளர் அதைக் கொண்டுவந்தார். தோட்டத்தின் நீள அகலத்தை உள்ளிட்டால் மொத்த மதிப்பீடும் ஒரு நொடியில் வந்துவிடும். ஒரு வாரம் மென்பொருளும் பிளஸ் ஒன்னும் தனித்தனியே கணக்கிட வேண்டும். மென்பொருளின் விடை சரியென்று தெரிந்தால் அலுவலகத்தில் ஓர் ஆளைக் குறைத்துவிடலாம். யார் அந்த ஆள் என்று மேலாளர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அன்று பிளஸ் ஒன் பத்துத் தேநீருக்குப் பதில் ஒன்பதுதான் சொன்னார்.

நான்கு நாள்கள் இரு விடைகளும் ஒத்துப்போயின. ஐந்தாம் நாள் ஓர் அம்மையார் வரைந்து அனுப்பிய படம் வட்டக் கணக்கு. தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி. தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. மென்பொருள் நாற்பது பேனல், நாற்பது கம்பம் என்றது. பிளஸ் ஒன்னின் தாளில் முப்பத்தொன்பது பேனல், நாற்பது கம்பம் என்று இருந்தது.

“சார், ரவுண்டா வந்தா உங்க பிளஸ் ஒன் செல்லாது” என்றார் பொறியாளர் மரியாதையாக. “கடைசிப் பேனல் மொதல் போஸ்ட்லயே போய் உக்காந்துடும். நீங்க ஒரு பேனல விட்டுட்டீங்க.”

“விட்டுட்டேனா?”

“ஆமா சார்.”

“வா, மாடிக்கு. எல்லாரும் வாங்க.”

மொட்டை மாடியில் மேலாளர் உட்பட எட்டுப் பேரைக் கம்பங்களாக நிறுத்தினார். பேனல்களாக மூன்று துப்பட்டாக்களும் நான்கு கைத்துண்டுகளும் கிடைத்தன. எட்டாவதற்கு மேலாளரின் கழுத்திலிருந்த டையை அவரே அவிழ்க்கும்படி ஆயிற்று. முதலில் வரிசையாக நின்றோம். எட்டுப் பேருக்கு ஏழு துணிகள் போதுமாயிருந்தன, டை மிஞ்சியது. பின்னர் வட்டமாக நின்றோம். முதல் ஆளான மேலாளருக்கும் கடைசி ஆளான எனக்கும் நடுவே இடைவெளி இருந்தது. டை அங்கே சரியாகப் பொருந்தியது. எட்டுப் பேர், எட்டுத் துணிகள்.

“பாருங்க சார், எட்டுக்கு எட்டு” என்றார் வெளியே நின்ற பொறியாளர். “கூடுதல் ஒன்னு எங்க?”

பிளஸ் ஒன் வட்டத்தின் நடுவே நின்று எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். துணிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அவர் தோற்றுவிட்டார் என்றே நான் நினைத்தேன். அப்போது தேநீர்க் கடைக்காரர் தட்டுடன் படியேறி வந்து நின்றார்.

“டீ வந்திடிச்சி” என்றார் பிளஸ் ஒன். “நானு உள்ள கீறேன். எப்பிடி வெளிய போறது?”



“குனிஞ்சு வாங்க சார்” என்றார் பொறியாளர்.

“நானு குனிவேன். அந்தம்மா புல்லு வெட்ற மிசினத் தள்ளிக்கினு குனியுமா? எட்டடி பேனலுப்பா, ஆள் ஒசரம். எகிறிக் குதிக்குமா? வேலியப் போட்டு முடிச்சிட்டு, ‘அம்மா, நீ உள்ளயே இரு’ன்னு சொல்லிட்டு வருவியா?”

பிறகு நிதானமாக நடந்துவந்து, மேலாளரின் கையிலும் என் கையிலும் இருந்த டையை வாங்கி நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இடைவெளி வழியே வெளியே போய்த் தேநீரை எடுத்துக்கொண்டார்.

தாம் வந்த வழியைக் காட்டி, “கேட்டு” என்றார்.

எட்டுப் பேர், ஏழு துணிகள். முப்பத்தொன்பது பேனல், நாற்பது கம்பம். அவருடைய தாளைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் ‘எட்டடி இரட்டைக் கதவு ஒன்று, எந்தப் பக்கம் என்று கேட்கவும்’ என்று எழுதியிருந்தார். நாங்கள் யாரும் படிக்கவில்லை.

மேலாளர் அன்று மாலையே எழுதிக் கேட்டார். மறுநாள் பதில் வந்தது. படம் வரைந்த அம்மையார் கேட்டை மறந்தே போய்விட்டாராம்; கேட்டவருக்கு நன்றியாம். மென்பொருள் அலுவலகத்தில் தங்கியது. பிளஸ் ஒன்னும் தங்கினார். அதன் பின்னர் அந்த இயந்திரம் ஒரு நொடியில் முடிக்கும் ஒவ்வொரு மதிப்பீடும் அவர் மேசையில் அரைமணி நேரம் கிடந்தது. கதவு எங்கே என்று அவர் பார்த்த பிறகே கடல் கடந்தது. டை மட்டும் மேலாளருக்குத் திரும்பவில்லை. கேட்கும் துணிவு அவருக்கு இல்லை.

சில ஆண்டுகளில் அலுவலகம் மூடப்பட்டது. அவர் ஆம்பூருக்குப் போனார். நான் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சேர்ந்தேன். அங்கே எண்ணி வைத்த நாற்காலிகள். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அங்கே போன பிறகுதான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன்.

நான் முதன்முதலில் அடுகோடியில் படியேறி, தயங்கி வாசலில் நின்ற அன்று அலுவலகத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான் வரப்போவது மேலாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. மேசையில் ஒன்பது தேநீர் இருந்தது. பிளஸ் ஒன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, “உனக்குத்தாம்மா சொன்னேன்” என்றார்.

அன்று அதை நம்பினேன். சூத்திரம் தெரிந்த பிறகும் நம்புகிறேன்.