முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கியவள்

சொந்த மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டிப் புத்தகம் வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொண்டியில் பிறந்தேன். தினமும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிக் கல்லூரியில் படித்தேன். ஆனால் கல்யாணம் ஆகும்வரை ராமேஸ்வரத்தைப் பார்த்ததில்லை. (பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம்தான்.)

என் கணவர் ஜாகிருக்கு சவுதியில் வேலை. நிக்காஹுக்காகக் குறுகிய விடுமுறையில் வந்திருந்தார். விடுமுறை முழுவதையும் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் ஒரு வீட்டில் பிரியாணி, ராத்திரி இன்னொரு வீட்டில் பிரியாணி. நாங்கள் இருவரும் தனியாக நாலு வார்த்தை பேசியிருப்போமா என்பது சந்தேகம். சவுதிக்குக் கிளம்புகிற வாரத்தில் அவரே தன் அம்மாவிடம், அதாவது என் மாமியிடம் போய், "ஒரு நா தனுஷ்கோடிக்குப் போயிட்டு வாரோம்மா" என்று கேட்டு அனுமதி வாங்கினார். எங்களுக்கென்று கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாளை நான் புத்தகத்திடம் ஒப்படைத்தேன்.

ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் அதை வாங்கியிருந்தேன். கடைக்காரர் கேட்காமலே பாதி விலைக்குக் கொடுத்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் வரலாறு படித்தவள். எந்த ஆதாரத்தையும் கையில் எடுத்தவுடன் அது எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு நடத்திய முதல் பாடம். அதைப் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் மட்டும் முதல் பக்கத்தைத் தாண்டி நேரே இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திய கணவருக்கு முன்னால் படித்த மனைவியாக உட்கார வேண்டும் என்கிற அவசரம்.

புத்தகம் சொன்னது இதுதான்: ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ் முகுந்தராயர் சத்திரம் வரை போகும். அதற்கப்பால் சாலை கிடையாது. அங்கிருந்து மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடக்கூடிய வேன்கள் கிடைக்கும். உடைகள் நனையும். உணவு கிடைக்காது.

அதனால் இருவருக்கும் மாற்று உடை, பிளாஸ்டிக் உறை, இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில், அடுக்குப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறு, முட்டை எல்லாம் கட்டினேன். ஜாகிர் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கழற்றச் சொல்லி ரப்பர் செருப்பு போட வைத்தேன். முத்துக் குளிக்கப் போகிறவர்களைப் போல பஸ்ஸில் ஏறினோம். மற்றவர்கள் பாப்கார்ன் வைத்திருந்தார்கள்.

சத்திரம் வந்ததும் நான் எழுந்தேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "இங்கன இறங்கி என்னம்மா பண்ணப் போறீங்க? வண்டி அரிச்சல்முனை வரைக்கும் போகுது. உக்காருங்க."

ஜாகிர் உட்காரப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டிக்கெட் காசுக்காகச் சொல்லுவாங்க மச்சான். நீங்க வாங்க."

இறங்கினோம். பஸ், நான் இல்லை என்று நம்பிய சாலையில் நேராகப் போனது.

"ரோடு இருக்கே" என்றார் ஜாகிர், மெதுவாக.

"அது நேவிக்காரங்களுக்கு."

அவர் சாலையைப் பார்த்தார். ஒரு ஐஸ்கிரீம் வண்டி எங்களைக் கடந்து போனது. "அது?"

"நேவிக்காரங்க ஐஸ்கிரீம் சாப்பிட மாட்டாங்களா?"

அவர் பையை இறக்கி வைத்தார். புது மாப்பிள்ளை. இன்று நினைத்தால் எனக்கு வலிப்பது அந்த நம்பிக்கைதான். அரபு நாட்டுப் பாலைவனத்தில் வழி கண்டுபிடித்து வண்டி ஓட்டுகிற மனிதர், நான் சொன்னேன் என்பதற்காகக் கண்ணெதிரே கிடந்த தார்ச்சாலையை இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு அம்மா சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "இங்க வேன் வருமாம்மா?"

"ஏன் வராம? பொழுதன்னைக்கும் வேன்தான்" என்றார் அவர்.

எனக்கு வெற்றிப் பெருமிதம். அவர் சொன்னது சுற்றுலாப் பயணிகளின் வேனை. வந்த வேன்களுக்கெல்லாம் நான் கை காட்டினேன். உள்ளே இருந்த ஆந்திரா பக்தர்கள் மகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தை பறக்கும் முத்தம்கூடக் கொடுத்தது. காத்திருந்த நேரத்தில் ஜாகிர் சாலையோரத்தில் என்னை நிறுத்தி, கையில் புத்தகத்தோடு போட்டோ எடுத்தார். சோற்றையும் அங்கேயே நின்றபடி சாப்பிட்டு முடித்தோம்.

பிறகு, "கரையோரமாக நடந்தும் செல்லலாம், மனதுக்கு இதமான அனுபவம்" என்ற வரியைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு தூரம் என்று அதில் போடவில்லை. உச்சி வெயிலில், கறுப்புப் பர்தாவில், கொதிக்கிற மணலில் நடந்தோம். ஜாகிரின் செருப்பு வார் அறுந்தது. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன், அவர் காலுக்குப் பாதிதான் நுழைந்தது. கடைசியில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் கடல்தானே. இங்கனயே இருப்போம். பேசிக்கிட்டு இருப்போம்" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல யோசனை அது ஒன்றுதான். நான் அதையும் தள்ளினேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு முனையைப் பாக்காமப் போறதா?" என்று எழுப்பிவிட்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு என் பிடிவாதமும் சாய்ந்தது. சாலைக்கு ஏறினோம். ரோந்து ஜீப்பில் வந்த போலீஸ்காரர் நிறுத்தினார். "இனிமே உள்ள விட மாட்டோம், திரும்புங்க. எந்த ஊரு?"

"தொண்டி."

எங்கள் கால்களைப் பார்த்தார். "தொண்டியில இருந்து நடந்தேவா வர்றீங்க?"

முனையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதே கண்டக்டர். "என்னம்மா, பாத்தாச்சா?" என்றார்.

"பாத்தாச்சு" என்றேன். ஜாகிரும் தலையாட்டினார். பஸ்ஸில் எல்லோருடைய உடையும் நனைந்திருந்தது. எங்கள் மாற்று உடை மடிப்புக் கலையாமல் மடியில் இருந்தது.

அவர் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கோபமா என்று கேட்டேன். "கோபமெல்லாம் இல்ல. நாளு போச்சே, அதான்" என்றார்.

வீட்டில் மாமி ஆசையாகக் கேட்டார். "ரெண்டு கடலும் சேருமாமே, பாத்தியாம்மா?"

நான் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். இடப்பக்கம் அமைதியான பெண் கடல், வலப்பக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண் கடல். மாமி சுபஹானல்லாஹ் என்றார். அதற்குள் ஜாகிரின் அண்ணன் போனை வாங்கிப் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏலே ஜாகிரு, ஒம் பொண்டாட்டிக்குப் பின்னாடி பஸ் வருது. போர்டுல என்ன போட்டிருக்கு, வாசி."

ஜாகிர் வாசிக்கவில்லை. வீடே சேர்ந்து வாசித்தது: அரிச்சல்முனை.

அன்றிரவுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். புது ரோடு போடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் அச்சடித்தது. புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் பிரகாரம், வெயில், தண்ணீர் எடுத்துப் போகச் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அது தன் காலத்துக்கு உண்மையைச் சொன்னது. என் காலத்து உண்மையை ஒரு கண்டக்டர் வலிய வந்து சொன்னார். நான்தான் இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே ஜாகிர் விமானம் ஏறினார். அடுத்த விடுமுறையில் நான் நிறைமாதம். அதற்கடுத்து ஊரடங்கு, அவரால் வரவே முடியவில்லை. பிறகு மாமாவுக்கு உடம்பு முடியாமல் போய், விடுமுறை முழுக்க மதுரை ஆஸ்பத்திரியில் கழிந்தது. முனையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது அது ஒரு பழமொழி. அவசரப்பட்டு வேலையை விட்டவன், பாதி வெந்த சோற்றை இறக்கியவள், ஏலச்சீட்டைப் பாதியில் எடுத்தவர், எல்லோரும் "சத்திரத்துல இறங்கிட்டாங்க". எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள்கள்கூட, காரணம் தெரியாமலே அதைச் சொல்கிறார்கள்.

போன மாதம் எங்கள் மகள் ஆயிஷாவைப் பள்ளிக்கூடத்தில் தனுஷ்கோடிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவள் கால் மணலைக்கூடத் தட்டாமல் ஜாகிருக்கு வீடியோ கால் போட்டாள்.

"அத்தா, பஸ்ஸு கடைசி வரைக்கும் போச்சு. யாருமே நடுவுல இறங்கல."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "சரிம்மா. அம்மாட்ட மட்டும் சொல்லிராத."

போனை அவள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.