தியனோராவின் தோள்கள்

அன்பும் மரியாதையும் மிக்க ஒர்சோலா அக்காவுக்கு, ஃபிளாரன்ஸிலிருந்து தம்பி வான்னி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வியாரெஜ்ஜோ கடற்கரையில் நீச்சல் உடையோடு நீ நிற்கும் போட்டோவை ஒரு வேற்று மனுஷியிடம் காட்டிவிட்டேன். குல மானத்தைக் காப்பாற்றத்தான். நம் கூடத்தில் அப்பா மாட்டிவைத்த சிவப்புச் சாக்குக்கட்டிப் படம், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய நம் குலத்துப் பேரழகி தியனோரா, உடுப்பில்லாமல் சாய்ந்திருப்பாளே, அதற்கு அசல்தான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வை, பேத்திக்கு அவள் பெயரைச் சூட்டி ஞானஸ்நான விருந்தில் அதைப் படிக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? பழைய படங்களுக்கு நிபுணராம், டாக்டர் பெனெதெத்தா என்ற அம்மாள் வந்தார். கண்ணாடிச் சட்டத்தின் மேல் லென்ஸை வைத்துத் தோளையே கால் மணி நேரம் பார்த்தார்.

"இது ஆம்பளைங்க," என்றார்.

குடித்த காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது. "மார்பு இருக்கே டாக்டர்?"

"அது அப்புறம் வச்சது. அந்தக் காலத்து ஓவியப் பட்டறையில பொம்பளைங்க வந்து நிக்க மாட்டாங்க. சாயம் அரைக்கிறவனையே சட்டையைக் கழட்டச் சொல்லி வரைஞ்சுட்டு, மேல ரெண்டு உருண்டையை ஒட்டிடுவாங்க. பாருங்க, ஒண்ணு அக்குளுக்கே போயிடுச்சு."

பார்த்தேன். போயிருந்தது. அப்போதுதான் உன் போட்டோவை எடுத்து நீட்டி, "எங்க அக்காவுக்கும் இதே தோள்தான் டாக்டர், ரெண்டு பிள்ளை பெத்தவ," என்றேன். உன்னையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதுவும் கால் மணி நேரம், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் மகள் பியா சும்மா இருப்பாளா? "நீங்க அந்தக் காலத்துக் கண்ணால பாக்கறீங்க டாக்டர். எங்க ஜிம்முக்கு வாங்க, பாதிப் பொண்ணுங்களுக்கு இந்தத் தோள்தான்," என்றாள். "நீ எந்தக் கண்ணால வேணும்னாலும் பாரும்மா, சான்றிதழ்ல கையெழுத்துப் போடறது என் கண்ணுதான்," என்றார் அந்த அம்மாள்.

ஆகவே அக்கா, சாயம் அரைத்த எவனோ ஒருவனை நினைத்துக் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டாம். பாதிரியாரிடம் இன்றே சொல்லி மாற்றிவிடு. அத்தானுக்கு என் வணக்கம், குழந்தையின் நெற்றிக்கு ஒரு முத்தம். புனித யோவான் நம் எல்லோருக்கும் பொறுமை தரட்டும்.

உன் தம்பி,
வான்னி

பி.கு.: இன்று காலை டாக்டர் மறுபடி வந்து சட்டத்தைக் கழற்றினார். படத்தின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில், "மாலை ஓவிய வகுப்பு, வீட்டுப்பாடம், 1961." அதன் கீழே வாத்தியார் போட்ட மதிப்பெண், பத்துக்கு நான்கு. அதற்கும் கீழே, மாடலாக இருந்தவர் என்று அம்மாவின் பெயர்.