மக்னம் துப்பாக்கிக்குக் குழல் பார்த்த விபரம்

ஒரு மனிதர் மக்னம் றிவோல்வர் வாங்குவதென்று தீர்மானித்துவிட்டால், கட்டைக் குழல் நல்லதோ நெடுங்குழல் நல்லதோ என்பதை ஆற அமர ஆலோசித்தே வாங்க வேண்டும். சிஞ்ஞோர் பெல்லவியா ஏழு மாதமாக ஆலோசித்துக்கொண்டிருந்தார்.

பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டின் சொந்தக்காரர் அவர். ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் முத்திரைப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்மாடிச் சிஞ்ஞோராவின் பல்கனியில் இருந்த பசிலிக்கோச் செடி ஒருநாள் சட்டியோடு காணாமல் போனது. அன்றைக்கே சிஞ்ஞோர் ஒரு கோப்புத் திறந்தார். "நாட்டின் தற்போதைய பாதுகாப்பு நிலைமையைக் கருத்திற்கொண்டு" என்று அதன் முதல் வரி தொடங்கியது.

அது அவர் பாடு என்று நான் இருந்திருப்பேன். ஆனால் இந்த நாட்டில் நான் இருப்பதற்கான அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோ, மார்ச் மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க, நான் என்னென்ன வேலை செய்கிறேன் என்று வீட்டுக்காரர் ஒரு கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அரை மணித்தியால அலுவல். சிஞ்ஞோரோ ஒரு கோப்பை மூடாமல் மற்றதைத் திறக்கிறதில்லை. துப்பாக்கிக் கோப்பு மேலே, என் கடுதாசி அதற்குக் கீழே. குழலின் நீளம் முடிவாகாவிட்டால் நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பலெர்மோவை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான்.

ஆகவே எனக்கும் குழலில் அக்கறை வந்தது.

சிஞ்ஞோர் ஊரெல்லாம் கருத்துக் கேட்டார். முடிவெட்டுகிறவர், இந்த வருஷம் எல்லாம் கட்டைதான், தலைமயிரும் கட்டை, காற்சட்டையும் கட்டை, நெடுங்குழலோடு திரிந்தால் பழைய காலத்து ஆள் என்று நினைப்பார்கள் என்றார். மருந்துக்கடைக்காரர், நீளம் என்றால் குறி தவறாது, கட்டை என்றால் காதும் அடைக்கும் கையும் உதறும் என்றார். மொண்டெல்லோவில் இருக்கிற மருமகன், போட்டோவுக்கு நீளம்தான் எடுப்பு என்று செய்தி அனுப்பினான். ஆயுதக் கடைக்காரர் மட்டும், முதலில் கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று போடுங்கள் என்றாராம். அது "விடயத்துக்குப் புறம்பானவை" என்ற நிரலில் பதியப்பட்டது.

எல்லாம் பதிந்தும் முடிவு வரவில்லை. பரீட்சித்துப் பார்ப்பதென்று உத்தரவாகியது.

கழிவறைத் தாள் சுற்றிவந்த மட்டைக் குழல் கட்டை ரகம். குசினித் தாள் சுற்றிவந்தது நெடு ரகம். கள்ளர் வேஷத்துக்கு ஆள் வேண்டும், வீட்டில் இருந்தது நான். தள்ளுவண்டிலில் நித்திரையாய்க் கிடந்த என் மகள் கேசிகா "உடந்தை" என்று பதியப்பட்டாள்.

செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்குக் களவு. நான் வெளியே போய் நின்று மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கள்ளர் வந்தது சிஞ்ஞோருக்குக் கேளாது. அவர் வந்து கதவைத் திறந்துவிட்டு, திரும்பப் போய்ச் சாய்கதிரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நான் பதுங்கிப் பதுங்கி உள்ளே வருவேன்.

முதல்நாள் நெடுங்குழல் அவருடைய அங்கிப் பையில் சிக்கிக்கொண்டது. அவர் அதை இழுத்து எடுக்கிறதுக்குள்ளே கள்ளர் குசினிக்குப் போய், அடிப்பிடிக்கப் பார்த்த தக்காளிக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். அடுத்த களவுக்குக் கட்டைக் குழல். அது சுணங்காமல் வெளியே வந்தது. ஆனால் சுடமுன்னம் விதிப்படி பெயர், பிறந்த திகதி, விலாசம் மூன்றும் கேட்டு எழுத வேண்டுமாம். கள்ளர் சொன்னார். எழுதுவதற்குக் கண்ணாடியைக் காணவில்லை. அதைத் தேடிக் கொடுத்ததும் கள்ளர்தான்.

இப்படி ஆறு கிழமை களவெடுத்தேன். கை நன்றாய்ப் பழகிவிட்டது என்று சிஞ்ஞோரே சொன்னார். மார்ச்சும் வந்துவிட்டது. என் கடுதாசியைப் பற்றிக் கெஞ்சினால், வரிசைப்படி வரும் என்கிறார். வீட்டில் என் மனுசன் தனேஸிடம் அழுதேன். "அந்தாளுக்கு விளங்கிற மாதிரிக் கதையப்பா" என்றார் அவர்.

அடுத்த செவ்வாய், களவுக்கு நடுவிலே நான் நின்றுவிட்டேன்.

"சிஞ்ஞோர், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கள்ளர் வரமாட்டார்."

"காரணம்?"

"கள்ளரின்ரை பெர்மெஸ்ஸோ முடியுது. பத்திரமில்லாத கள்ளரை வீட்டுக்குள்ளை விட்டால் உங்களுக்குத்தான் பிரச்சினை."

அவருடைய முகம் வெளிறிப்போனது. நூறு களவைத் தாங்குவார், ஒரு பத்திரக் குறைபாட்டைத் தாங்கமாட்டார். துப்பாக்கிக் கோப்பின் மேல் "தற்காலிக இடைநிறுத்தம்" என்று எழுதி ஒதுக்கிவிட்டு என் கடுதாசியை எடுத்தார். துடைத்தல், சமைத்தல், உடுப்பு மினுக்குதல் என்று எழுதினார். நாலாவதாக, "கள்ளர், செவ்வாய் வியாழன், நாலு முதல் ஐந்து வரை" என்றும் எழுதினார்.

அதை வெட்டிவிடச் சொல்லி மன்றாடினேன். உண்மையை மறைத்த பத்திரம் ஒன்றில் முப்பத்தாறு வருஷத்தில் தன் முத்திரை விழுந்ததில்லை என்றார்.

பெர்மெஸ்ஸோ அலுவலகத்தில் யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் வரிவரியாய் விரல் வைத்துப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது.

"இந்தக் கள்ளர் வேலை," என்றார், "வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளுக்கை."

"நல்லது. வெளியே என்றால் வேறு படிவம்."

முத்திரை குத்தினார். இரண்டு வருஷம்.

கதை பரவாமல் இருக்குமோ. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில், எங்களைப்போல வீட்டுவேலை செய்யும் சோதிலிங்கம் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளுக்கிருந்து செய்யிற கள்ளர் வேலை வேறை எங்கையும் இருக்கோ, தன்ரை மூட்டு வருத்தத்துக்கு அதுதான் தோது என்றார்.

இதற்கிடையில் சிஞ்ஞோர் துப்பாக்கிக் கோப்பை மீண்டும் திறந்து, ஒரு பாரிய குறைபாட்டைக் கண்டுபிடித்திருந்தார். நான் கட்டை. கட்டையான கள்ளரை வைத்துச் செய்த பரீட்சையைக் கொண்டு நெடிய கள்ளரைப் பற்றி முடிவெடுக்க இயலாதாம். தனேஸ் ஆறடி. அவர் வேலை செய்த ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை மீன் சாப்பாட்டுக்கடையும் கோடை வரும்வரை பூட்டு. அவரைப் பற்றிச் சிஞ்ஞோரிடம் சொல்லிவைத்தேன்.

சிஞ்ஞோர் இரண்டு சான்றிதழ் கேட்டார். இதுவரை ஒன்றுமே களவெடுத்ததில்லை என்று பொலிஸ் தரும் சான்றிதழ் ஒன்று. கள்ளர் வேலையில் முன் அனுபவம் உண்டு என்ற சான்றிதழ் மற்றது. முதலாவதைப் பொலிஸ் தந்துவிட்டது. இரண்டாவதை ஆர் தருவது? சிஞ்ஞோர் விதிகளைப் புரட்டிப் பார்த்து, அந்த இடத்தில் ஏற்கெனவே கடமையாற்றும் சிரேஷ்ட கள்ளர் தரலாம் என்று அறிவித்தார்.

சிரேஷ்ட கள்ளர் நான்.

அன்று பின்னேரம் வீட்டில் கேசிகாவை மடியில் வைத்தபடி மேசையில் இருந்தேன். தனேஸ் முன்னால் வந்து நின்றார். அவருடைய விண்ணப்பத்தை மேலிருந்து கீழே வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலே வாசித்தேன். கண்ணாடி இல்லாத குறையை அப்போதுதான் உணர்ந்தேன்.

"படம் ஒண்டு குறையுது," என்றேன். "நாளைக்கு வாங்கோ."

"நான் இஞ்சைதானேயப்பா இருக்கிறன்."

"நாளைக்கு ஒன்பதுக்கும் பதினொண்டுக்கும் இடையிலை," என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.