உள்ளறை மச்சும் ஒரு கருப்பட்டியும்

பரளச்சி
கீலக வருஷம் சித்திரை 20

மேன்மை பொருந்திய சம்பந்தி பெத்தம்மாள் அவர்களுக்கு, பூமிநாதனைப் பெற்ற சந்தனம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் சுகம். விருதுநகரில் நீங்களும், உங்கள் மருமகளாகிய என் பேத்தி கஸ்தூரியும் சுகமாயிருக்கத் திருச்சுழி நாதர் துணை.

தலைப்பேறுக்கு அவளை இங்கே அனுப்ப நீங்கள் தயங்குவதாகக் கேள்வி. போன ஆடிக்கு வந்தபோது உள்ளறையில் உட்கார்ந்து, "இது வீடா, சூளையா?" என்று கேட்டீர்களே, அது இன்னும் என் நெஞ்சிலேயே கிடக்கு. ஆகவே அறைக்கு மேலே மச்சுப் பலகையில் ஓட்டுச் சூடு இறங்காதபடி, அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸிலே கழிவுப் பஞ்சு எட்டு மூட்டை கொண்டாந்து பரப்பினேன். அதோட விட்டிருக்கலாம். பிள்ளை பெத்தவளுக்குக் காத்துப் படக்கூடாதேன்னு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலே இருந்த சந்து பொந்தையும் நானே ஏறி அடைச்சேன். மறுநாள் உச்சியிலே சோதனைக்கு நானே படுத்தேன், தலைமாட்டிலே ஒரு கருப்பட்டி. முழிச்சுப் பார்த்தா கருப்பட்டி இளகிப்போச்சு, நானும் பாதி இளகியாச்சு.

ஓடு மாத்துற காளிராஜ் ஏறிப் பார்த்துட்டு, "பேறுகாலம் பேத்திக்கா ஓட்டுக்கா, அப்பத்தா? பஞ்சு சூட்டை மறிக்கும், மேலே காத்து ஓடணும்ல. சூட்டை உள்ளே வச்சுல்ல பூட்டியிருக்கீக"ன்னான். நான் அஞ்சாவது பாஸ், அவன் கைநாட்டு, இருந்தாலும் கேட்டுக்கிட்டேன். நான் அடைச்ச சந்து பொந்தையெல்லாம் திறந்து, ரெண்டு முகட்டுச் சுவரிலும் பொந்து விட்டான். இப்போ காத்து பஞ்சுக்கு மேலேயே போய் வருது, அறைக்குள்ளே இறங்கலை. மூணு நாளா புதுக் கருப்பட்டி வச்சது வச்சபடி இருக்கு. பூமிநாதன் கையிலே குடுத்துவிடுறேன், தட்டிப் பாருங்க.

தாயில்லாப் பிள்ளை அவ. அந்த அறையிலேதான் பிறந்தா, இந்தக் கைதான் முதல்லே ஏந்துச்சு. வெள்ளிக்கிழமை அவ அப்பன் பூமிநாதன் வாரான், அனுப்பிவையுங்க. நீங்க சிரமப்பட்டு வர வேண்டியதில்லை, நான் ஒருத்தியே போதும்.

உங்க வீட்டுப் பெரியவுகளுக்கு நமஸ்காரம், கஸ்தூரி வயித்துக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

சந்தனம்மாள்

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டுமுன்னே மேலே சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன். காளிராஜ் விட்ட பொந்து வழியா ஒரு பூனை வந்து, பஞ்சு மேலே நாலு குட்டி போட்டிருக்கு. பொந்தை அடைச்சா தாய் வரமுடியாது, அடைக்காட்டி ஊர்ப் பூனையெல்லாம் வரும். குட்டிக குளுகுளுன்னு தூங்குது. கருப்பட்டியைவிட இது நல்ல சாட்சி. சம்பந்தி, நீங்களும் கூடவே வந்திருங்க. ரெண்டு பேறுகாலம், ஒத்தையிலே என்னாலே ஏலாது.